தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: அக்காவை எந்த வழியில் அனுப்புவது?

அக்டோபர் முதல் வாரத்தில் என் அக்கா தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்ப வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம், மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கும் தேதி அந்த மாதக் கடைசியில் வருகிறது. அக்காவுக்கு வயது 67. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை, வலது முழங்காலில் தேய்மானம். கரோல் பாகிலும் மயூர் விஹாரிலுமாக நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியதில் இந்தி தடையில்லாமல் வரும். ஆங்கிலம் படிப்பாள், பேசத்தான் தயக்கம். அத்தான் காலமாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆகவே தனியாகத்தான் போக வேண்டும். விமானத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் போய்வந்திருக்கிறாள். கடல் தாண்டுவது இதுவே முதல் முறை.

டிக்கெட் எடுப்பது நானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. என்னுடைய பயணமாக இருந்தால் விலையைப் பார்த்து அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன். அக்காவுக்கு என்றதும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். தில்லியில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே பேச்சு இப்போது நடந்துகொண்டிருக்கும்.

வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வளைகுடா வழியாகப் போனால் மலிவு என்றான் என் மகன். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகைதோறும் பார்க்கும் நண்பர், "சிங்கப்பூர் வழியாக அனுப்புங்கள், அங்கே தமிழ் இருக்கிறது, அக்கா பயப்படமாட்டார்" என்றார். அலுவலக நண்பர் ஒருவர் எப்போதும் நியூயார்க்கில் இறங்கி மாறிப் போகிறவர், அதையே சொன்னார். பிராங்க்பர்ட் வழிதான் உடம்புக்கு நல்லது என்பது சம்பந்தி வீட்டாரின் கட்சி. "எதையும் யோசிக்காதீர்கள் மாமா, அம்மாவை நேர் விமானத்தில் ஏற்றிவிடுங்கள்" என்று பிள்ளைத்தாச்சிப் பெண் தொலைபேசியில் சொன்னாள்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம் என்று பரணிலிருந்து பூகோள உருண்டையை இறக்கினேன். மகன் பள்ளியில் படித்தபோது வாங்கியது, ஒரு அடி விட்டம். அக்கா பூத்தொடுக்க வைத்திருந்த நூலில் ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையைத் தில்லியின் மேல் அவளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடித்தேன். தளர்ச்சி இல்லாமல் இறுக்கியதும் நூல் தானாக நகர்ந்து ஓர் இடத்தில் படிந்தது. கிழக்கே ஜப்பான் பக்கமும் போகவில்லை, மேற்கே ஐரோப்பா பக்கமும் போகவில்லை. இமயத்தைத் தாண்டி வடக்கே ஏறி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் பெருங்கடலின் ஓரமாகச் சென்று, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கியது. அந்த நூலை ஸ்கேலில் வைத்தால் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உண்மையான தூரம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர்.

"பனிக்கடல் மேலேயா போகும்?" என்று கேட்டாள் அக்கா.

போகவும் கூடும். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஏர் இந்தியாவின் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் வட துருவப் பகுதிக்கு மேலே பறந்தது. பயணிகளோடு அந்த வழியில் பறந்த முதல் இந்திய நிறுவனம் அதுதான். ஆனால் நூல் காட்டும் வழியிலேயே விமானம் தினமும் போகும் என்று சொல்ல முடியாது. திபெத் பீடபூமியைப் பயணிகள் விமானங்கள் பொதுவாகத் தவிர்க்கின்றன. உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில், பூமியின் வட பாதியின் நடுப்பகுதியில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அதன் போக்கிலேயே போகிறவருக்கு அது தள்ளிவிடும் கை. எதிர்த்துப் போகிறவருக்குத் தடுக்கும் கை.

இதற்கு நம் தில்லி விமானமே நல்ல சாட்சி. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இந்த நேர் விமானத்தைத் தொடங்கியபோது அது மேற்கே அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனது. அந்த வழி சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பறந்த நேரமோ பதினான்கரை மணியாகக் குறைந்தது. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கும் தூரத்தைக் கூடுதலாகப் பறந்தும் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. இதைப் படித்த அன்றே கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். டிக்கெட் எடுக்கிறவர்கள் விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பதில் பயனில்லை; பறக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வானத்தில் வேலியும் உண்டு. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடிவிட்டது. இந்திய விமானங்களுக்கு அது திறந்தே இருந்தது. 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டது. தில்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் குஜராத், அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று; வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ எரிபொருள் நிரப்ப இறங்கிப் போயின. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹாவில் விமானம் மாற வேண்டிய ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் அன்றைய அரசியலும் அன்றைய காற்றும் ஒத்துழைத்தால் வரும் நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வழிகளை ஒப்பிட வேண்டும்.

நியூயார்க் வழியை முதலில் தள்ளினேன். அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறோமோ அங்கேயே குடிவரவுச் சோதனை, அங்கேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டு உள்நாட்டு விமானத்தைத் தேடிப் போக வேண்டும். தலா 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளைச் சுழலும் பட்டையிலிருந்து இழுத்து எடுக்க அக்காவின் தோளுக்கும் முழங்காலுக்கும் சக்தி கிடையாது. அதற்கு மேல் இன்னும் ஆறு மணி நேரப் பறப்பு இருக்கிறது. இளம் வயதினர் யோசிக்கலாம். இவளுக்கு வேண்டாம்.

வளைகுடா வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் மயங்குவது இங்கேதான். "நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தால் காலை நீட்டிக்கொள்ளலாம், ஒரே மூச்சாக உட்கார வேண்டாம்" என்று சொல்லி இந்த வழியை எடுக்கிறார்கள். நூலை மறுபடி எடுத்துப் பாருங்கள். தில்லியிலிருந்து துபாய் சுமார் 2,190 கிலோமீட்டர். சென்னை செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தண்டவாளத்தில் ஓடும் தூரம் கிட்டத்தட்ட அதுதான். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,000 கிலோமீட்டர். நூல் ஏறக்குறைய வட துருவத்தையே தொட்டுக்கொண்டு போகிறது. அதாவது தில்லியிலிருந்து நேராகப் போவதைவிட இரண்டாம் பகுதி மட்டுமே நீளம். நான்கு மணி நேரம் பறந்து, மூன்று நான்கு மணி நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகு பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். நிறுத்தம் பயணத்தின் நடுவில் வரவில்லை, தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அலுப்புத் தட்டுவதற்கு முன்னே ஓய்வு கிடைத்து என்ன பயன்? நியூயார்க், வாஷிங்டன் போகிறவர்களுக்கும் ஐரோப்பா போகிறவர்களுக்கும் வளைகுடா நல்ல வழியாக இருக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் முதியவருக்கு, நேர் விமானத்தின் சிரமம் முழுவதும் இதில் அப்படியே இருக்கிறது. அதன் மேல் ஒரு விமான நிலையமும் ஏறிக்கொள்கிறது.

மலிவு என்பது உண்மை. நான் பார்த்த நாளில் நேர் விமானத்துக்கும் வளைகுடா வழிக்கும் இடையே பதினெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். சிறிய தொகை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஜனவரி மாதம் மனைவியோடு வெளிநாடு போனபோது, விலை குறைகிறதே என்று இரண்டு நிறுவனங்களில் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தேன். இடையில் இரண்டு மணி நேரம் போதும் என்று கணக்கு. தில்லியில் அன்று விடியற்காலை பனிமூட்டம். ஓடுபாதையின் விளக்குகூடத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, போய் இறங்கியபோது அடுத்த விமானம் போயிருந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு அவர்களுடையது. இரண்டாக எடுத்ததால் முதல் நிறுவனம் "உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்றது, இரண்டாவது "நீங்கள் வரவில்லை" என்றது. இருவர் சொன்னதும் சரி. இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில், மனைவி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் புது டிக்கெட் வாங்கிய பணத்தில், மிச்சம் பிடித்தது போக இன்னொரு மடங்கும் போனது. அந்த இடத்தில் அக்காவைத் தனியாக வைத்துப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. எந்த வழியில் போனாலும் ஒரே டிக்கெட். டிசம்பர், ஜனவரியில் தில்லியிலிருந்து அதிகாலையில் கிளம்புவதானால் மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர் என்றதும் எனக்கும் மனம் இளகியது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கங்கே பலகையில் நம் எழுத்து கண்ணில் படும். சக்கர நாற்காலி தள்ள வருபவர் தமிழராகவே இருக்கவும் கூடும். முதல் முறையாக வெளிநாட்டு மண்ணில் கால் வைக்கும் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நூல் சம்மதிக்கவில்லை. தில்லியிலிருந்து சிங்கப்பூர் தெற்கே இறங்கும் வழி, சுமார் 4,150 கிலோமீட்டர். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ இன்னும் சுமார் 13,600. மொத்தம் 17,700 கிலோமீட்டருக்கு மேல். ஆறு மணி நேரம் பறந்த பிறகும் பதினைந்து மணி நேரம் மிச்சம் இருக்கிறது. சுற்றி வளைத்து மூக்கைத் தொடும் வழி. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்குச் சிங்கப்பூர் பக்கம். அவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கலாம். தில்லிக்காரர்களுக்குப் பொருந்தவில்லை.

கிழக்கு வழிதான் வேண்டும் என்றால் ஹாங்காங் கணக்குக்கு நன்றாக வருகிறது. 3,750 கிலோமீட்டரும் 11,100 கிலோமீட்டருமாக மொத்தம் 14,900-க்குள் அடங்கும். ஐந்தரை மணி நேரம், பிறகு பன்னிரண்டரை மணி நேரம். காற்றும் முதுகில் தள்ளும். மொழி, சைவச் சாப்பாடு இரண்டையும் நினைத்துத்தான் தயங்கினேன். ஆங்கிலம் பேசத் தெரிந்த, எங்கும் சமாளிக்கிற ஐம்பது வயதுக்காரராக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிராங்க்பர்ட் வழியில் சம்பந்தி வீட்டார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 6,130 கிலோமீட்டர், பிறகு 9,150 கிலோமீட்டர். மொத்தத்தில் துபாய் வழிக்கும் இதற்கும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 15,200 சொச்சம். ஆனால் உட்காரும் நேரம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்: ஒன்பது மணி நேரம் பக்கம் ஒன்று, பதினொன்றரை மணி நேரம் ஒன்று. நடுவில் மூன்று மணி நேரம் நடந்து, முகம் கழுவி, சூடாக ஏதாவது குடிக்கலாம். செல்லத்தக்க அமெரிக்க விசா கையில் இருந்தால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு ஜெர்மனி தனி விசா கேட்பதில்லை. போகும்போது காற்று எதிரே வரும். திரும்பும்போது துணைக்கு வரும்.

வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கூட்டிப் பார்த்தேன். மயூர் விஹாரிலிருந்து விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே மூன்றரை மணி நேரம் முன்னதாக. அந்தப் பக்கம் இறங்கிச் சோதனை முடிய ஒன்றரை, மகள் வீடு இருக்கும் ஃப்ரீமான்ட் போக ஒரு மணி நேரம். நேர் விமானம் என்றால் சுமார் இருபத்து மூன்றரை மணி. ஹாங்காங் வழி இருபத்தெட்டரை. பிராங்க்பர்ட்டும் வளைகுடாவும் முப்பத்தொன்று, சிங்கப்பூர் முப்பத்தொன்றரை. அக்கா முதலில் இந்த எண்களைத்தான் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு வரிசை எழுதிக் காட்டினேன்: ஒரே இருக்கையில் தொடர்ந்து உட்கார வேண்டிய மிக நீண்ட நேரம். நேர் விமானத்தில் பதினாறு, வளைகுடாவில் பதினாறு, சிங்கப்பூரில் பதினைந்து, ஹாங்காங்கில் பன்னிரண்டரை, பிராங்க்பர்ட்டில் பதினொன்றரை. இந்த வரிசை எந்த டிக்கெட் தளத்திலும் தனியாகக் காட்டப்படுவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டியது இதுதான்.

உட்காருவதில் வலி மட்டும் கவலை என்றால் பரவாயில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயந்துவிட வேண்டாம்; அப்படி இரட்டிப்பான பிறகும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வருவது. ஆனாலும் வயதும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பு என்பதால் எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அதனால் ஜன்னலோர இருக்கை வேண்டாம், நடைபாதை ஓர இருக்கைதான். எழுந்துபோனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்துப் பதினாறு மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்காருகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். இருக்கையை நாமாகப் பார்த்து எடுத்துக்கொடுக்காவிட்டால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

விமானத்தின் வகையையும் ஒருமுறை பாருங்கள். போயிங் 777 போன்ற விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் சுமார் 6,000 அடி. நமக்குத் தெரிந்த இடமாகச் சொன்னால் முதலாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடையில் உட்கார்ந்திருப்பது, இரண்டாவது குன்னூரில் உட்கார்ந்திருப்பது. மூச்சிரைப்போ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. அக்காவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஊட்டியில் இரண்டு நாள் தங்கி நன்றாகவே நடந்திருக்கிறாள்.

இவ்வளவும் பார்த்த பிறகு போவதற்கு நேர் விமானத்தையே எடுத்தேன். முழங்கால் கணக்கின்படி பிராங்க்பர்ட்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தனியாகப் போகிறாள். முன்பின் தெரியாத நிலையத்தில் வாயில் எண் கடைசி நேரத்தில் மாறி, அறிவிப்பு புரியாமல், சக்கர நாற்காலி தள்ளியவர் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய், திரும்பி வருவாரா என்று வழி பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அது நாற்காலியில் கூடுதலாக உட்காரும் ஐந்து மணி நேரத்தைவிடக் கனமானது. நேர் விமானத்தில் தில்லியில் ஏற்றிவிடுவது நான், அங்கே வாசலில் நிற்பது மாப்பிள்ளை. நடுவில் இருப்பது ஓர் இருக்கை மட்டும். பக்கத்தில் இந்தி பேசுகிறவர்கள் இருப்பார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் தமிழும் காதில் விழும். பதினெட்டாயிரம் ரூபாயை இதற்குக் கொடுத்தேன். மறுபடி கேட்டாலும் கொடுப்பேன்.

நேர் விமானத்திலும் ஆபத்தே இல்லை என்று நினைக்கவில்லை. 2023 ஜூன் 6 அன்று இதே வழியில் போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் 16 ஊழியர்களும் இருந்தார்கள். சிறிய ஊர் என்பதால் தற்காலிக இடங்களில் தங்கவைக்கப்பட்டு, மாற்று விமானம் வந்த பிறகுதான் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். அதைப் படித்துவிட்டு அக்காவின் கைப்பையில் ஏழு நாள் மாத்திரை, மருந்துச்சீட்டின் நகல், ஒரு கம்பளிச் சட்டை, ஒரு செட் மாற்றுப் புடவை எல்லாம் வைக்கச் சொன்னேன். பெரிய பெட்டிக்குள் போகும் மாத்திரை நடுவழியில் உதவாது.

மாத்திரை நேரத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். கலிபோர்னியா நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபரில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி பதினைந்தரை மணி நேரம் பறந்தால், அதே தேதியில் காலை 7 மணிக்கு அங்கே இறங்குகிறோம். நாட்காட்டிப்படி மூன்று மணி நேரம். உடம்புக்கோ அது இரவு ஏழரை. காலை மாத்திரையா, இரவு மாத்திரையா என்ற குழப்பம் அங்கே போய் வரக் கூடாது. அக்காவின் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டோம்.

பெட்டி கட்டும்போது ஒன்று நடந்தது. பிரசவ லேகியத்துக்கான சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன; அவற்றோடு கசகசாவும் ஒரு பொட்டலம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். விமானம் மாறிப் போகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. நேராகத்தானே போகிறாள் என்று விட்டுவைக்கவும் எனக்கு மனமில்லை, எடுத்துவிட்டேன். கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டேன், பச்சை இலையையும் பழத்தையும் அமெரிக்கச் சுங்கத்தில் விடமாட்டார்கள். மற்றதை எல்லாம் சுங்கத்தில் "உணவுப்பொருள் இருக்கிறது" என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. சர்க்கரைக்காரர்களுக்கான சைவச் சாப்பாட்டையும் அப்போதே பதிவு செய்தாயிற்று.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் வேறு மாதிரி எடுத்தேன். மார்ச் மாதம் மாப்பிள்ளையின் தம்பி ஊருக்கு வருகிறார், அக்காவோடு கூடவே வருவார். துணை இருந்தால் பிராங்க்பர்ட்டைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? காற்று முதுகில் இருக்கும். பதினொரு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓய்வு, பிறகு எட்டு மணி நேரம். பேரப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி அலுத்த முழங்காலுக்கு அதுதான் தோது.

மேசையில் உருண்டை இன்னும் இருந்தது. போகும்போது கிழக்கே பசிபிக் வழியாக, வரும்போதும் கிழக்கே அட்லாண்டிக் வழியாக என்று நூலைச் சுற்றிக் காட்டினேன். 2017-இல் பெண்களே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் ஒன்று தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்த் திரும்பி இப்படித்தான் உலகை வலம் வந்தது. நூலின் இரண்டு முனையும் தில்லியில் வந்து சேர்ந்ததைப் பார்த்து அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மலை மந்திரில் சொல்லிவிட்டு வர வேண்டும்" என்று எழுந்தாள். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நூலைச் சுருட்டிப் பூக்கூடையில் போட்டேன்.